கண்டிப் பிரதி ஏன் திறக்கவில்லை?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை செய்கிறேன். செக்ரோல் (தொழிலாளர் வரவுப் பதிவு), கொழுந்து நிறுவைக் கணக்கு எல்லாம் இங்குள்ள சேமிப்புப் பெட்டியிலிருந்து கண்டி அலுவலகப் பெட்டிக்கு உடனுக்குடன் பிரதியாகின்றன. போன மழையில் கரண்டும் இணையமும் பல தடவை போய் வந்தன. பிறகு கண்டிப் பிரதியைத் திறந்தால் டேட்டாபேஸ் எழும்பவில்லை. கோப்புகளின் அளவு இரண்டு பக்கமும் ஒன்றுதான். விற்றவர் இன்னும் பெரிய பெட்டி வாங்கச் சொல்கிறார். வாங்கவா?

பதில்: வாங்க வேண்டாம். பெட்டி பழுதில்லை, பிரதி எடுக்கும் முறைதான் பிழை.

நீங்கள் அனுப்பிய படத்தில் டேட்டா ஒரு வொலியூமிலும் (பெட்டியில் பிரித்து வைத்த பகுதி) லொக் எனும் மாற்றப் பதிவேடு இன்னொன்றிலும் இருக்கின்றன. இரண்டும் தனித்தனியாகக் கண்டிக்குப் போகின்றன. டேட்டாபேஸ் எந்த மாற்றத்தையும் முதலில் லொக்கில் எழுதிவிட்டுத்தான் டேட்டாவில் ஏற்றும். நாட்சிட்டையில் பதிந்த பிறகு பேரேட்டில் ஏற்றுகிறீர்களே, அதே ஒழுங்கு. லைன் தடுமாறும்போது கண்டியில் பேரேடு (டேட்டா) 10.05க்கும் நாட்சிட்டை (லொக்) 10.02க்கும் நின்றுவிடுகின்றன. சிட்டையில் இல்லாத பதிவு பேரேட்டில் இருந்தால் டேட்டாபேஸ் நம்பாது. மைஎஸ்கியூஎல் என்ற டேட்டாபேஸ், லொக் இலக்கம் எதிர்காலத்தில் இருக்கிறது என்று முறையிடுவது இதைத்தான். கோப்பின் அளவு ஒன்றாக இருப்பதை வைத்துப் பிரதி சரி என்று சொல்ல முடியாது.

இரண்டு வொலியூமையும் ஒரே கன்சிஸ்டன்சி குரூப்பில் (எழுதிய ஒழுங்கு மாறாமல் சேர்த்தே பிரதியாக்கும் தொகுதி) போடுங்கள். அந்த வசதி இல்லாவிட்டால் டேட்டாவையும் லொக்கையும் ஒரே வொலியூமுக்கு மாற்றுங்கள்.

அதோடு முடியவில்லை. இதை விற்பவர் எவரும் சொல்வதில்லை. லைன் அறுந்து திரும்ப வந்ததும், விடுபட்டதையெல்லாம் பெட்டி கண்டிக்கு அனுப்பி நிரப்பும். அந்த நேரத்தில் எழுதிய ஒழுங்கு பெரும்பாலும் காக்கப்படாது. எந்தத் துண்டு மாறியதோ அது கைக்கு வந்தபடி போகும். நிரப்பி முடியும்வரை கண்டிப் பிரதி பாதிப் பழையது, பாதிப் புதியது. குரூப் போட்டிருந்தாலும் அப்படித்தான். நிரப்பும் நடுவில் தலவாக்கலைப் பெட்டி போய்விட்டால், கையில் இருந்த பழைய நல்ல பிரதியும் இல்லை, புதியதும் இல்லை. கொழும்பில் இருப்பவருக்கு இது எப்போதாவது வரும் விதிவிலக்கு. மழை மாதங்களில் லைன் நாளுக்கு நாலு தடவை அறும் நமக்கு இதுவே வழக்கம். ஆகவே நிரப்பத் தொடங்குமுன் கண்டியில் ஒரு ஸ்னாப்ஷொட் (அந்தக் கணத்து நிலையை அப்படியே நிறுத்திவைக்கும் படி) எடுத்தாக வேண்டும். தானாக எடுக்கும் வசதி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால், லைன் வந்தவுடன் தானாகத் தொடரும் அமைப்பை நிறுத்திவிட்டு, ஸ்னாப்ஷொட் எடுத்தபின் கையால் தொடங்குங்கள்.

என்னைக் கேட்டால் உடனுக்குடன் என்பதையே விட்டுவிட்டு, 15 நிமிடத்துக்கு ஒரு ஸ்னாப்ஷொட் அனுப்பும் முறைக்கு மாறுங்கள். புதியது முழுதாகப் போய்ச் சேரும்வரை முந்தியது அப்படியே இருக்கும். இழப்பது அதிகபட்சம் கடைசி ஓரிரு சுற்று. லைன் அறுந்து கிடந்தால் அந்த நேரமும் சேரும். அந்த நேரத்து நிறுவையை நிறுவைச் சீட்டுகளை வைத்துத் திரும்ப ஏற்றலாம்.

“ஒரு பதிவுகூட இழக்காது” என்று விற்கும் தரகர்களிடம் கவனம். அந்த முறையில் ஒவ்வொரு எழுத்துக்கும் கண்டி ‘கிடைத்தது’ என்று சொல்லும்வரை இங்கே காத்திருக்க வேண்டும். லைன் அறுந்தால் ஒன்றில் உங்கள் வேலை நிற்கும், அல்லது பிரதி நின்றுவிட்டு இங்கே வேலை மட்டும் ஓடும். பல பெட்டிகள் இரண்டாவதைத்தான் செய்கின்றன. எச்சரிக்கை மின்னஞ்சலை யாரும் அமைத்திருக்க மாட்டார்கள், ஆகவே பிரதி நின்றதே தெரியாது. கணக்காய்வுக்கு வருபவர்களும் ‘பேக்கப் உண்டா’ என்ற கட்டத்தில் சரி போட்டுவிட்டுப் போகிறார்கள். திறந்து காட்டு என்று ஒருவர் கேட்டால் எத்தனையோ இடத்தில் குட்டு உடையும்.

இன்னொன்று: கண்டியும் நம் மழைக்குள்தான் இருக்கிறது. 2025 நவம்பர் டித்வா புயலில் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்கள் சேர்ந்தே அடிபட்டன. தவறுதலாக அழித்ததும் வைரஸ் பூட்டியதும்கூடப் பிரதியில் அப்படியே போய்விடும். இரவில் டேட்டாபேஸின் சொந்த பேக்கப் ஒன்றை எடுத்து, கிழமைக்கு ஒரு தடவையாவது மலைநாட்டுக்கு வெளியே அனுப்பி வையுங்கள்.

விற்றவர் மறுபடி வந்தால், பரீட்சார்த்த டேட்டாபேஸ் ஒன்றை ஓடவிட்டு லைனைப் பிடுங்குங்கள். பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கொடுங்கள். நிரப்பும் நடுவில் இந்தப் பக்கப் பெட்டியை நிறுத்திவிட்டு, கண்டியில் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்டும்வரை காசோலை எழுத வேண்டாம்.