செவுத்த தாண்டாத வெளிச்சம்

அண்ணா, வணக்கம். பெங்களூர் மாரத்தஹள்ளில ஒரு அப்பார்ட்மென்ட்ல இருக்கேன். ராத்திரி வைஃபை லிஸ்ட்ட தொறந்தா மொத்த பில்டிங்கும் அதுல நிக்குது, வீடியோ கால்ல ஊர்ல இருக்கிற அம்மா முகம் கட்டம் கட்டமா உடையுது. இன்ஃப்ராரெட்ல நெட் குடுக்கலாம்னு ஆபிஸ்ல சொல்றாங்க. டிவி ரிமோட்ல இருக்கிறதுதானே அது? செவுத்தக்கூட தாண்டாதே, அத வச்சு என்ன பண்றது? கண்ணுக்கு ஆகுமா?

தம்பி,

செவுத்த தாண்டாதுங்கிறத குறையா எழுதியிருக்கீங்க, எனக்கு இதுல ரொம்பப் புடிச்சதே அதுதான். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபைல ஒண்ணோட ஒண்ணு உரசாத சேனல் 1, 6, 11னு மூணுதான், மேல் வீடு கீழ் வீடு எதிர் வீடு எல்லா ரவுட்டரும் அதுக்குள்ளயே குழாயடில குடத்த வச்சுட்டு நிக்கிற மாதிரி நிக்குது. வெளிச்சம் உங்க ரூமோட நின்னுடும், பக்கத்து வீட்டுல அதே அலைநீளத்துல அனுப்பினாலும் மோதாது.

1979லயே ஜூரிக் ஐபிஎம் லேப்ல ரூம் முழுக்க இன்ஃப்ராரெட்ட பரப்பி டேட்டா அனுப்பலாம்னு காட்டிட்டாங்க, ஆனா அப்படி பரப்பினா செவுத்துல பட்டு பட்டு லேட்டா வர்ற எதிரொலி அடுத்த பிட்டோட கலந்துடும், அதனால வேகம் ஏறாது. நெதர்லாந்து ஐந்தோவன் பல்கலைக்கழகத்துல டோன் கூனன் டீம் வேற வழில போனாங்க, சீலிங்ல ஃபைபர் வந்து முடியற எடத்துல ஒரு ஆன்டெனா, உள்ள வெளிச்சத்த திருப்பிவிடற, நுணுக்கமா கோடு போட்ட ரெண்டு கிரேட்டிங், அலைநீளத்த துளி மாத்தினா கதிர் போற திசையே மாறிடும், அசையற பார்ட் ஒண்ணுகூட கிடையாது! ஒவ்வொரு போனுக்கும் தனித்தனி கதிர், யாரோடயும் பங்கு போட வேணாம். 2017ல 2.5 மீட்டர் தூரத்துக்கு செகண்டுக்கு 42.8 கிகாபிட் போச்சு. அப்லோடுக்கு மட்டும் அப்ப ரேடியோதான்.

கண்ணப் பத்தி கேட்டீங்க. ரிமோட்ல வர்ற வெளிச்சத்தோட அலைநீளம் 940 நானோமீட்டர் பக்கம், இவங்க எடுத்தது 1500க்கு மேல, அது விழித்திரைக்குப் போறதுக்குள்ள கண்ணு முன்பக்கத்து ஈரமே உறிஞ்சிடும், பவர கட்டுக்குள்ள வச்சா போதும். கை மறைச்சா நின்னுடும்ங்கிறது நெஜம், அதுக்கு சீலிங்ல இன்னொரு ஆன்டெனா வைக்கணும்.

2023ல 802.11பிபினு வெளிச்சத்துக்கும் வைஃபை குடும்பத்துலயே ஸ்டாண்டர்ட் வந்துடுச்சு, 800லேர்ந்து 1000 நானோமீட்டர் வரைக்கும். நம்ம வீட்டு சீலிங்குக்கு வர்ற வரைக்கும் ரவுட்டர்ல 5 கிகாஹெர்ட்ஸ்க்கு மாறுங்க, அம்மாகிட்ட பேசறப்ப மட்டும் லேப்டாப்புல லேன் கேபிள் சொருகிட்டு பேசுங்க தம்பி, இன்னைக்கே முகம் தெளிவாத் தெரியும்.