பழைய காரில் மீட்டர் விளக்குகள் எரியாமல் போனால் எங்கிருந்து சோதிக்கத் தொடங்குவது?

முகப்பு விளக்குகள் நன்றாக எரிந்தும், இரவில் வேகத்தையும் எரிபொருள் அளவையும் பார்க்க முடியாதபடி மீட்டர் இருண்டிருப்பதாகக் கேட்டிருக்கிறீர்கள். டாஷ்போர்டில் கை வைப்பதற்கு முன், பார்க்கிங் விளக்கைப் போட்டுவிட்டுக் காரின் பின்பக்கம் சென்று பாருங்கள். பெரும்பாலான பழைய கார்களில் மீட்டரின் உள்விளக்குகளுக்கு மின்சாரம் வருவது முகப்பு விளக்கின் சுற்றிலிருந்து அல்ல. டெயில் லாம்புக்கும் நம்பர் பிளேட் விளக்குக்கும் செல்லும் சுற்றிலிருந்துதான். அந்த ஃபியூஸ் போனால் அனைத்தும் சேர்ந்தே அணையும்; ஆனால் ஓட்டுபவரின் கண்ணுக்கு மீட்டர் மட்டுமே தெரியும். பின்விளக்கும் எரியவில்லையென்றால், அதைச் சரிசெய்யும் வரை இரவில் காரை எடுக்காதீர்கள்.

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யாமல் மின் அளவுகளைக் காட்டும் மல்டிமீட்டரால் சோதிப்பது நல்லது. புதியது அதே ஆம்பியர் அளவில் இருக்க வேண்டும். தகட்டு வகை ஃபியூஸ்களில் 10 ஆம்பியர் சிவப்பு, 15 ஆம்பியர் நீலம். போட்டவுடன் மீண்டும் போனால் எங்கோ ஷார்ட் இருக்கிறது என்று பொருள். பெரிய ஃபியூஸைப் போட்டு அதை அடக்க நினைத்தால், ஃபியூஸுக்குப் பதிலாக வயர் எரியும். என் சந்தேகம் முதலில் பின்னாளில் பொருத்தப்பட்ட ஸ்டீரியோவின் வெளிச்ச வயர் மீதும், அடுத்து டிக்கி மூடியின் கீல் அருகே மடிந்து மடிந்து தேய்ந்த நம்பர் பிளேட் விளக்கு வயர் மீதும் விழும்.

பின்விளக்குகள் எரிந்து, மீட்டர் முழுவதும் இருண்டிருந்தால், மீட்டர் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைக் கவனியுங்கள். யாரோ துடைக்கும்போது அதன் குமிழ் கடைசி வரை திரும்பியிருக்கக்கூடும். கேட்கச் சிரிப்பாக இருந்தாலும் இது அடிக்கடி நடப்பதுதான். பழைய டிம்மர்களில் மின்தடைக் கம்பிச் சுருளின் மேல் ஒரு தொடுமுனை நகரும். நெடுநாள் ஒரே இடத்தில் நின்றால் அங்கே ஆக்சைடு படியும் என்பதால், குமிழை இரு பக்கமும் பலமுறை திருப்பிப் பாருங்கள். விளக்கு மினுக்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டது. மினுக்காவிட்டால், உள்ளே வரும் வயரில் ஏறத்தாழ 12 வோல்ட் இருந்தும் வெளியே ஒன்றும் வராதபோது டிம்மரை மாற்ற வேண்டியதுதான். சில கார்களில் டிம்மர் எர்த் (நெகட்டிவ்) பக்கத்தில் இருப்பதால், வயரிங் படத்தைப் பார்க்காமல் இந்த அளவீட்டை நம்ப வேண்டாம்.

ஒரு பகுதி மட்டும் இருண்டிருந்தால் அது பெரும்பாலும் பல்புதான். பேட்டரியின் நெகட்டிவ் இணைப்பைக் கழற்றிய பிறகே மீட்டரை வெளியே எடுங்கள்; பழைய கார்களில் பின்னால் ஸ்பீடோமீட்டர் கேபிள் இருக்கும், அதை விடுவிக்காமல் இழுக்கக் கூடாது. பல்புகள் சிறிய சாக்கெட்டுகளில் இருக்கும். கால் சுற்றுத் திருப்பினால் கழன்றுவிடும். ஒன்று போயிருந்தாலும் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள், ஏனெனில் மற்றவையும் அதே வயதுடையவை. கூடுதல் வாட் பல்பைப் போட்டால் பிளாஸ்டிக் உருகும். பல்பு நன்றாக இருந்தும் எரியாவிட்டால், சாக்கெட் தொடும் மெல்லிய செப்புத் தடங்களைப் பென்சில் அழிப்பானால் மெதுவாகத் துடையுங்கள். உப்புத்தாள் அவற்றைக் கிழித்துவிடும்.

எல்இடி போட விரும்பினால், எரியாதபோது திருப்பிச் செருகிப் பாருங்கள், அதற்கு மின்முனை முக்கியம். பழைய டிம்மரோடு அது சரியாக மங்காது. பேட்டரி எச்சரிக்கை விளக்கில் மட்டும் எல்இடி வேண்டாம்; பல பழைய கார்களில் ஆல்டர்னேட்டர் மின்னேற்றத்தைத் தொடங்குவதற்கான சிறு மின்னோட்டம் அந்த பல்பு வழியாகத்தான் செல்கிறது. எல்லாம் முடிந்ததும், திருகுகளை முடுக்கும் முன்பே பேட்டரியை இணைத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.