நிலா ஏன் நிறம் மாறுகிறது? ரீச்சரிடம் கேட்டவை

உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறேன். கொழும்பில் எங்கள் ஆட்கள் நிலாவின் நிறம் பற்றி அவ்வப்போது கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நிலா நிறம் மாறுவதே இல்லை. அது எப்போதும் தார் ரோட்டைப் போல மங்கிய சாம்பல்தான். தன்மேல் விழும் வெயிலில் ஏறக்குறைய எட்டில் ஒரு பங்கைத்தான் திருப்பி அனுப்புகிறது. நாங்கள் காணும் மஞ்சளும் சிவப்பும் நடுவில் இருக்கிற காற்றின் வேலை. கொஞ்சம் எங்கள் கண்ணின் வேலை.

வெள்ளவத்தை: ரீச்சர், போயா (பூரணை) அன்று பின்னேரம் மேல்மாடியில் நின்று பார்த்தால் நிலா தோடம்பழ நிறத்தில் வருகுது. எட்டு மணிக்குப் பார்த்தால் வெள்ளை. ஏன்?

அடிவானத்தில் நிற்கும் நிலாவின் ஒளி, தலைக்கு மேலே நிற்கும்போது கடப்பதைவிட ஏறக்குறைய 38 மடங்கு காற்றைக் கடந்து உங்களிடம் வருகிறது. காற்று மூலக்கூறுகள் நீல ஒளியைச் சிவப்பைவிட ஏறத்தாழ ஆறு மடங்கு அதிகமாகச் சிதறடிக்கும். அலைநீளம் குறையக் குறைய அதன் நான்காம் அடுக்கில் சிதறல் கூடும் என்பதை 19ஆம் நூற்றாண்டிலேயே ரேலி என்ற பௌதிகவியலாளர் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். அவ்வளவு நீண்ட வழியில் நீலமும் பச்சையும் தொலைந்துபோக, மிஞ்சி வருவது செம்மஞ்சள்.

நிலா 20 பாகை உயர்ந்துவிட்டால் அந்த 38 மடங்கு வெறும் 3 மடங்காகக் குறைந்துவிடும். அதனால்தான் எட்டு மணிக்கு வெள்ளை. இன்னொன்றும் கவனியுங்கள். கொழும்பு பூமத்திய ரேகைக்கு 7 பாகை வடக்கே இருப்பதால் இங்கே நிலா கிட்டத்தட்ட நேராக மேலே ஏறும். லண்டனில் இருக்கிற உங்கள் சொந்தக்காரருக்கு அது சரிந்து சரிந்துதான் ஏறும்; அவர்கள் சிவப்பு நிலாவை நெடுநேரம் பார்ப்பார்கள். எங்களுக்குக் கொஞ்ச நேரம்தான், தேநீர் ஊற்றப் போய் வந்தால் நிறம் போய்விடும்.

பம்பலப்பிட்டி: பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காலி முகத்திடலுக்குப் போனோம். இருட்டும்வரை கடலைப் பார்த்துக்கொண்டு நின்றும் சிவப்பு நிலா வரவில்லையே?

தங்கச்சி, அங்கே கடல் இருப்பது மேற்கில். பூரண நிலா உதிப்பது கிழக்கில். கடலுக்கு முதுகைக் காட்டி நின்றிருக்க வேண்டும். அந்தப் பக்கம் உயர்ந்த கட்டடங்கள் மறைப்பதால் நிலா வெளியே வரும்போது பாதிச் சிவப்பு கழிந்திருக்கும். ஆனால் காலி முகத்திடலின் அருமை வேறு நேரத்தில் இருக்கிறது. போயாவுக்கு மறுநாள் விடியப்புறம் போங்கள். அதே நிலா கடலில் இறங்கும். உப்புத்துளி கலந்த கடற்காற்று நடுவில் நிற்பதால் மஞ்சள், செம்மஞ்சள், செங்கல் நிறம் என்று படிப்படியாகக் கறுத்துக்கொண்டு போவதைப் பிள்ளைகள் தெளிவாகப் பார்க்கலாம்.

தெஹிவளை: மார்கழி, தை மாதங்களில் நிலா இன்னும் சிவப்பாகத் தெரிகிறதே?

வடகீழ்ப் பருவக்காற்று இந்தியப் பக்கத்துப் புகையையும் தூசையும் எங்கள்மேல் கொண்டுவருகிறது. 2022 டிசம்பரில் காற்று கெட்டுப் பள்ளிக்கூடங்களைக்கூட மூடினார்கள், நினைவிருக்கும். அந்தத் தூசுதான் காரணம்.

கொட்டாஞ்சேனை: கிரகணத்தில் நிலா பூமியின் நிழலுக்குள் போகிறது என்கிறீர்கள். நிழலுக்குள் போனால் மறைய வேண்டும்தானே, ஏன் இரத்தச் சிவப்பாக நிற்கிறது?

தம்பி, மிக நல்ல கேள்வி. பூமிக்குக் காற்று இல்லாவிட்டால் நீங்கள் சொன்னபடியே நிலா மறைந்துதான் போயிருக்கும். பூமியைச் சுற்றியுள்ள வளிமண்டலம் வெயிலை முறித்து நிழலுக்குள் வளைத்துவிடுகிறது. வரும் வழியில் நீலம் சிதறிவிட, சிவப்பு மட்டும் நிலாவில் விழுகிறது. அந்த நேரம் நிலாவில் ஒருவர் நின்றால், கறுத்த பூமியைச் சுற்றி ஒரு செந்நிற வளையத்தைக் காண்பார். உலகில் அந்தக் கணத்தில் நடக்கும் சூரிய உதயமும் அஸ்தமனமும் எல்லாம் சேர்ந்ததுதான் அந்த வளையம். எனக்கு இந்தப் பாடத்தில் இதைவிடப் பிடித்த விஷயம் இல்லை.

ஒவ்வொரு கிரகணமும் ஒரே சிவப்பாகவும் இருக்காது. 1991இல் பிலிப்பைன்சில் பினடூபோ எரிமலை வெடித்து அதன் துகள்கள் மேல்வளியில் தங்கியிருந்ததால், 1992 டிசம்பர் கிரகணத்தில் நிலா கண்ணுக்கே தட்டுப்படாத அளவுக்கு இருண்டது. நிழலுக்குள் முழுதாகப் போவதற்குச் சற்று முன்னும் வெளியே வரும்போதும் ஓரத்தில் மெல்லிய நீலப்பச்சைக் கீற்று ஒன்று தெரியும். மேலே உள்ள ஓசோன் சிவப்பை உறிஞ்சிக்கொள்வதால் வருவது அது. 2025 செப்டம்பர் 7இல் இரவு 11 மணியிலிருந்து 12.22 வரை இங்கே முழுக் கிரகணம் இருந்தது; அடுத்த தடவை ஒரு பைனாகுலரோடு அந்த ஓரத்தைத் தேடுங்கள்.

அதே கேள்விக்காரரின் அம்மா: கிரகணத்தை வெறும் கண்ணால் பார்க்கலாமா, பிள்ளை? சாப்பிடலாமா?

தாராளமாகப் பாருங்கள் அம்மா, அது சூரிய கிரகணத்தில்தான் ஆபத்து. சாப்பாட்டுக்கும் நிலாவுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

முகத்துவாரம்: 2023 ஆகஸ்ட் 30 போயாவுக்கு 'ப்ளூ மூன்' என்றார்கள். ஒரு நீலத்தையும் காணவில்லையே?

ஒரே மாதத்தில் இரண்டாவது பூரணை வந்தால் அப்படிச் சொல்வது வழக்கம். அந்த ஆகஸ்டில் 1ஆம் திகதியும் போயா. அது கலண்டர் விஷயம், நிறத்தோடு சம்பந்தமில்லை.

உண்மையாகவே நீல நிலா தெரிந்த காலங்களும் உண்டு. 1883இல் கிரகட்டோவா எரிமலை வெடித்தபின் பல நாடுகளில் நிலா நீலமாகவும் பச்சையாகவும் தெரிந்தது. 1950 செப்டம்பரில் கனடாவில் காடு எரிந்த புகை அத்திலாந்திக்கைக் கடந்துபோய் ஸ்கொட்லாந்துக்காரருக்கு நீலச் சூரியனையும் நிலாவையும் காட்டியது. புகைத்துகள்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஒரு மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவில் இருந்தால், நீலத்தைவிடச் சிவப்பை அதிகமாகச் சிதறடிக்கும். சாதாரணப் புகையில் பல அளவுத் துகள்கள் கலந்திருப்பதால் அது வாய்ப்பதில்லை.

வெள்ளவத்தை, இன்னொருவர்: கரண்ட் போன இரவில் முற்றம் முழுக்க நீல வெள்ளி வெளிச்சம். நிலவொளி நீலமா?

இல்லை, அளந்து பார்த்தால் நிலவொளி வெயிலைவிடச் சற்றுச் சிவப்பு கூடியது! வெளிச்சம் குறையும்போது கண்ணில் வேலை செய்யும் கோல் கலங்களுக்குச் சிவப்பு தெரியாது, நீலப்பச்சைப் பக்கம்தான் கூர்மை. நிலவில் போய்ச் செம்பருத்தியைப் பாருங்கள்: பூ கறுப்பாக இருக்கும், இலை அதைவிட வெளிறித் தெரியும்.

பம்பலப்பிட்டி: நிலாவைச் சுற்றிக் கோட்டை கட்டினால் மழை வருமா?

'அகல் வட்டம் பகல் மழை' என்று முன்னோர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. உயரத்தில் பனிப்படிகங்களாலான மெல்லிய முகில் பரவினால் 22 பாகை ஆரையில் வட்டம் விழும். கையை நீட்டிச் சாண் விரித்துப் பெருவிரலை நிலாவில் வைத்தால் சின்னவிரல் வட்டத்தைத் தொடும். அந்த முகிலுக்குப் பின்னால் சில வேளை மழை முகில் வருவதுண்டு, எப்போதும் அல்ல. நிலாவை ஒட்டி நிறநிறமாக வரும் சின்ன வளையம் வேறு. அது நீர்த்துளியால் வருவது.

தெஹிவளை: சிவப்பு நிலாவைப் போனில் எடுத்தால் வெள்ளை உருண்டைதான் விழுகிறது.

இருட்டு என்று நினைத்து கமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. நிலாவைத் தொட்டுப் பிடித்து வெளிச்சத்தைக் கீழே இழுங்கள். புரோ மோட் இருந்தால் வைட் பேலன்ஸைப் பகல் வெயிலுக்கு வையுங்கள். ஓட்டோவில் விட்டால் அது செம்மஞ்சளைப் பிழை என்று எண்ணித் திருத்திவிடும்.