தரங்கம்பாடிக் கடற்கரையில் இரண்டு இரவுகள்: தருமபுரி, கிருஷ்ணகிரி அன்பர்களின் கேள்விகளுக்குப் பதில்

தருமபுரியிலிருந்து காரில் புறப்பட்டுத் தரங்கம்பாடிக்குச் சென்று, கடலைப் பார்த்த பழைய வீடு ஒன்றில் இரண்டு இரவுகள் தங்கி வருவது என் குடும்பத்தில் பல ஆண்டுகளாக இருந்துவரும் வழக்கம். இதை அறிந்த இரு மாவட்ட அன்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

காரிமங்கலத்திலிருந்து: ஐயா, சேலம் வழியாகப் போவதா, திருவண்ணாமலை வழியாகப் போவதா? எத்தனை மணி நேரம் ஆகும்?

இரண்டு வழியிலும் தொலைவு முந்நூறு கிலோமீட்டருக்கு மேல்தான். நிறுத்தங்களையும் சேர்த்தால் ஏழு மணி நேரத்துக்குக் குறையாது. தருமபுரிக்குத் தெற்கே இருப்பவர்களுக்குச் சேலம், ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்ப்பேட்டை, விருத்தாசலம், சிதம்பரம், சீர்காழி என்ற வழி வசதியானது. ஆனால் அதிகாலை இருட்டில் தொப்பூர் இறக்கத்தைக் கடக்க வேண்டியிருக்கும் என்பதை மறந்துவிடாதீர்கள். நம் பக்கமிருந்து சேலம் போகும் திசைதான் இறக்கம். பாரம் ஏற்றிய லாரிகள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போகும் வண்டிகளின் மேல் ஏறிய விபத்துகளை நாம் அனைவரும் செய்தியில் படித்திருக்கிறோம். கீழ் கியரிலேயே இறங்குங்கள். லாரிக்கு நேர் முன்னால் வண்டியை வைத்துக்கொள்ளாதீர்கள். இரட்டைப் பாலம் தாண்டும் வரை முந்த வேண்டாம். காரிமங்கலம் நடுவில் இருப்பதால் உங்களுக்கு இரு வழியும் ஒன்றுதான். நானாக இருந்தால், போகும்போது கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, செஞ்சி வழியில் போய், திரும்பும்போது சேலம் வழியில் வருவேன். அப்போது தொப்பூர் ஏற்றமாகிவிடுகிறது.

ஊத்தங்கரையிலிருந்து: எங்களுக்குத் திருவண்ணாமலை பக்கம். அந்தச் சாலையில் கவனிக்க வேண்டியது என்ன?

நாட்காட்டியைப் பாருங்கள். பௌர்ணமி அன்றும் அதற்கு மறுநாள் காலையிலும் கிரிவலக் கூட்டம் இருக்கும். கார்த்திகை தீபத்தின்போது கேட்கவே வேண்டாம். மற்ற நாட்களில் சிங்காரப்பேட்டை, செங்கம் வழியாக விரைவாகவே போய்விடலாம். திருவண்ணாமலைக்கும் திண்டிவனத்துக்கும் இடையில் செஞ்சிக் கோட்டை சாலையிலிருந்தே தெரியும். அதற்கென்று தனியாக ஒரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பயணத்தில் அதைச் சேர்த்தால் இரண்டும் கெட்டுவிடும்.

பர்கூரிலிருந்து: “பாரம்பரிய விடுதி” என்று விளம்பரம் செய்யும் இடங்கள் கிழக்குக் கடற்கரை நெடுகிலும் இருக்கின்றன. உண்மையான பழைய வீடு எது, பழமை போலக் கட்டியது எது என்று முன்பதிவுக்கு முன் எப்படி அறிவது?

இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் நானே ஒருமுறை ஏமாந்திருக்கிறேன். படத்தில் தேக்குத் தூண்களும் ஆத்தங்குடிக் கல் பதித்த தரையும் தெரிந்தன. நேரில் போய்த் தூணைத் தட்டிப் பார்த்தபோது அது சிமெண்ட் தூண்மேல் ஒட்டிய மெல்லிய பலகை. “கடல் பார்த்த அறை” என்று சொன்னார்கள். குளியலறை ஜன்னலில் எட்டிப் பார்த்தால்தான் கடல் தெரிந்தது.

புதிதாகக் கட்டப்பட்டது என்பதற்காக ஒரு விடுதியைக் குறை சொல்ல மாட்டேன். இடிக்கப்படும் செட்டிநாட்டு வீடுகளின் கதவுகளையும் தூண்களையும் வாங்கிவந்து, நடுமுற்றம் வைத்து, தாழ்வாரம் இறக்கி, ஓடு வேய்ந்து நேர்த்தியாகக் கட்டியவர்களும் இருக்கிறார்கள். குளிர்சாதன வசதி, நீச்சல் குளம், பிள்ளைகள் ஓடியாட இடம் எல்லாம் வேண்டுமென்றால் அத்தகைய இடமே உங்களுக்கு ஏற்றது. ஆனால் அதற்குரிய விலையை மட்டும் கொடுங்கள். தொலைபேசியில் மூன்று கேள்விகள் கேளுங்கள்: இந்தக் கட்டடம் முன்பு என்னவாக இருந்தது, சுவர் சுண்ணாம்புச் சாந்தா சிமெண்டா, படுக்கையிலிருந்து பார்த்தால் ஜன்னலில் என்ன தெரியும். உண்மையான பழைய வீட்டை நடத்துபவர் முதல் கேள்விக்கே பத்து நிமிடம் பேசுவார். தரங்கம்பாடியில் தங்கும் விடுதியாக மாறிய கடலோர பங்களா ஒன்று முன்பு ஆங்கிலேயக் கலெக்டரின் இல்லமாக இருந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு, பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு அவ்வூரின் பழைய வீடுகள் சிலவற்றைப் பழைய முறையிலேயே புதுப்பித்தது. அத்தகைய வீடுகளில் அறைகள் மிகக் குறைவு என்பதால், சனி, ஞாயிறு வேண்டுமென்றால் ஒரு மாதத்துக்கு முன்பே பதிவு செய்துவிடுங்கள்.

பாலக்கோட்டிலிருந்து: சென்ற ஆண்டு அங்கே ஒரு பழைய விடுதியில் தங்கினோம். சுவரெல்லாம் உதிர்ந்து கிடந்தது. அவ்வளவு வாடகை வாங்குபவர்கள் ஒரு கோட் பெயிண்ட் அடிக்கக் கூடாதா?

உங்கள் வருத்தம் புரிகிறது. ஆனால் அது கவனக்குறைவு என்று உடனே முடிவு செய்ய வேண்டாம். அடுத்த முறை, தரையிலிருந்து முழங்கால் உயரத்தில் சுவரை விரலால் தடவிப் பாருங்கள். வெள்ளையாக மாவு போல ஒட்டும். அது உப்பு. மண்ணில் உள்ள உப்பு நீரைச் செங்கல் மெல்ல மேலே உறிஞ்சுகிறது. ஈரம் காய்ந்து வெளியேறும்போது உப்பு மட்டும் சுவரின் மேற்பரப்பில் படிகமாகத் தங்கிப் பூச்சைத் தள்ளிவிடுகிறது. சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடும் என்பதால் பூச்சு மட்டும் உதிரும், உள்ளே இருக்கும் செங்கல் பிழைத்துக்கொள்ளும். அதன்மேல் சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ பூசினால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கலே பொடியாகிவிடும். ஆகவே கடலோரத்துப் பழைய வீட்டுக்குச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சுண்ணாம்பு பூசிக்கொண்டேதான் இருக்க வேண்டும். மெத்தையில் ஈரவாடை, குழாயில் நீர் வராதது, கதவுத் தாழ்ப்பாள் பிடிக்காதது ஆகியவை வேறு. அவற்றைக் கண்டிப்பாகக் கேட்டுச் சரிசெய்ய வையுங்கள்.

அரூரிலிருந்து ஓர் ஆசிரியை: ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு அங்கே என்ன காட்டலாம்?

அம்மா, ஒரு முழு நாளைக் காரை எடுக்காமல் நடப்பதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். 1792-ல் கட்டிய நகர வாயிலில் தொடங்கி, ராஜ வீதி வழியே கிழக்கே நடந்தால் கடல் வரை வந்துவிடலாம். 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனிஷ்காரர்கள் கட்டிய டான்ஸ்போர்க் கோட்டை அங்கே நிற்கிறது. நாயக்கர் டென்மார்க் அரசருக்குத் தங்கத் தகட்டில் தமிழில் எழுதி அனுப்பிய கடிதம் இன்றும் அந்நாட்டு ஆவணக் காப்பகத்தில் இருப்பதை மகளுக்குச் சொல்லுங்கள். 1845-ல் டேனிஷ்காரர்கள் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள்.

வழியிலேயே 1718-ல் எழுப்பப்பட்ட புதிய எருசலேம் ஆலயம் இருக்கிறது. 1706-ல் வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றார் என்று சொல்வார்கள். அவருடைய முயற்சியால் தமிழ்ப் புதிய ஏற்பாடு இங்கேயே அச்சேறியது. அவர் அடக்கம் செய்யப்பட்டிருப்பதும் இந்த ஆலயத்தில்தான். கடலோரத்தில் மாசிலாமணிநாதர் கோயிலையும் காட்டுங்கள். மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தில், 1306-ல் எழுந்த அக்கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கடலரிப்பு என்று பாடப்புத்தகத்தில் படிப்பதை அங்கே கண்ணால் பார்க்கலாம்.

ஓசூரிலிருந்து: பிள்ளைகள் கடலில் குளிக்கலாமா? எந்த மாதம் நல்லது?

குளிக்க விடாதீர்கள். கரையோரத்தில் அலைத்தடுப்புப் பாறைகள் கிடக்கின்றன, இழுப்பும் உண்டு. கால் நனைத்தால் போதும். ஜனவரி முதல் மார்ச் வரை இதமாக இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் நடுப்பகுதி வரை புயல், மழை என்று அறிவிப்பு வந்தால் முன்பதிவுப் பணம் போனாலும் பரவாயில்லை, பயணத்தை நிறுத்திவிடுங்கள்.

பென்னாகரத்திலிருந்து: அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம். இருபது பேர் வருகிறோம். தரங்கம்பாடியில் தங்கலாமா?

திருக்கடையூரிலிருந்து காரில் கால் மணி நேரம்தான். ஆனால் பழைய வீட்டில் இருபது பேருக்கு அறை கிடைக்காது; படிக்கட்டுகளும் செங்குத்தானவை. உறவினர்களைத் திருக்கடையூரிலேயே தங்கவைத்துவிட்டு, சடங்கு முடிந்த மறுநாள் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மட்டும் கடலைப் பார்த்த கீழ்த்தள அறை ஒன்றை எடுத்துக் கொடுங்கள். காலையில் சூரியன் கடலிலிருந்து எழுவதைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே இருவரும் பார்க்கலாம்.

காவேரிப்பட்டணத்திலிருந்து: எங்கள் ஊர்ப் பெயரைப் போலவே காவிரிப்பூம்பட்டினமும் அருகில்தானே? பார்க்க என்ன இருக்கிறது?

அருகில்தான், தரங்கம்பாடிக்கு வடக்கே அரை மணிப் பயணம். உங்கள் ஊரில் ஓடுவது தென்பெண்ணை. புதுச்சேரி வழியாக நீங்கள் போனால் கடலூருக்குச் சற்று முன் அந்த ஆற்றைப் பாலத்தில் கடப்பீர்கள். கே.ஆர்.பி. அணையைத் தாண்டி உங்கள் ஊர் வழியே போன ஆறு கடலைச் சேர்வதற்கு முன் அங்கே எவ்வளவு அகலமாகிவிடுகிறது என்பதைப் பாருங்கள். ஒகேனக்கல்லில் பாறையைப் பிளந்துகொண்டு விழும் காவிரியோ பூம்புகாரில் நேர் எதிராக இருக்கும். வழியெல்லாம் வாய்க்கால்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிட்டு, ஓர் ஓடை அளவில் வந்து சேர்கிறது. கோடையில் முகத்துவாரமே மணல் மூடிக் கிடக்கும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கப்பட்டு ஜனவரி 28-ல் மூடப்படுவதால், ஜனவரியில் போனால் ஆறும் கடலும் சேர்வதைப் பார்க்கலாம், வெயிலும் இருக்காது. சிலப்பதிகாரக் கலைக்கூடத்தையும் சேர்த்து இரண்டு மணி நேரம் போதும். சீர்காழியிலிருந்து நேராகப் பூம்புகாருக்குத் திரும்பி, அங்கிருந்து தரங்கம்பாடிக்குப் போனால் சுற்று மிச்சம்.