மாடி கட்டுவதற்காக வீட்டையே எழுதிக் கொடுக்க வேண்டுமா?

கேள்வி: எனக்கு 67 வயது. 1996இல் என் பெயரில் வாங்கிய வீட்டில் மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகளோடு இருக்கிறேன். இடம் போதாமல் மாடி கட்டக் கடன் வாங்கப் பார்க்கிறான் மகன். வீடு அவன் பெயரில் இருந்தால்தான் கடன் கிடைக்கும் என்றும், தான செட்டில்மெண்ட் (உயிரோடு இருக்கும்போதே சொத்தை எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எழுதிவிடலாம் என்றும் புரோக்கர் சொல்கிறார். எனக்கு மூட்டுவலி என்பதால், எனக்குப் பதிலாக இன்னொருவர் கையெழுத்திட ‘பவர்’ கொடுத்தால் போதுமாம். நாளைக்கு ஒத்துவராமல் போனால் ரத்து செய்துகொள்ளலாம், அதற்குச் சட்டம் இருக்கிறது என்கிறார். எழுதிக் கொடுக்கலாமா?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: எழுதிக் கொடுக்காதீர்கள் அம்மா. உங்கள் மகன் மேல் எனக்குச் சந்தேகம் எதுவும் இல்லை. அந்தப் புரோக்கர் மேல்தான் சந்தேகம்.

கடனுக்காக வீட்டை மகன் பெயருக்கு மாற்றியே தீர வேண்டும் என்பது பத்திரம் பதிந்தால் கமிஷன் பார்க்கிறவர்கள் சொல்லும் கதை. உரிமையாளரான நீங்கள் கூட்டுக் கடன்தாரராகச் சேர்ந்து வீட்டை அடமானம் வைக்கச் சம்மதித்தால், மகனின் சம்பளத்தைக் கணக்கில் எடுத்தே வங்கிகள் கடன் தருகின்றன. தவணை கட்டாமல் விட்டால் வீட்டுக்கு ஆபத்துதான். அந்த ஆபத்து வீடு யார் பெயரில் இருந்தாலும் உண்டு. மகனோடு சேர்ந்து வங்கி அதிகாரியிடமே கேளுங்கள். நடுவில் ஆள் வேண்டாம்.

அடுத்தது ‘ரத்து செய்துகொள்ளலாம்’ என்ற ஆறுதல். பதிவான செட்டில்மெண்டை நீங்களாகப் போய் ரத்து செய்ய முடியாது. புரோக்கர் சொல்வது பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007இன் 23ஆவது பிரிவு. 60 வயது கடந்தவர், தன் அடிப்படைத் தேவைகளைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, வாங்கியவர் கவனிக்காமல் விட்டால், கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயம் அந்தப் பத்திரம் செல்லாது என்று அறிவிக்கலாம். ‘நிபந்தனையோடு’ என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு வழக்கில், அப்படி நிபந்தனை இருந்ததாகக் காட்டாததால் சொத்தைக் கொடுத்த தாய்க்குத் தோல்வி. 2025 ஜனவரியில் இன்னொரு தாய்க்கு அதே நீதிமன்றம் வீட்டைத் திருப்பிக் கொடுத்தது. கவனித்துக்கொள்வதாக மகன் எழுதிக் கொடுத்த தனி உறுதிமொழி ஒன்றை அவர் காட்டினார். அதே ஆண்டு மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், பத்திரத்தில் எழுதாவிட்டாலும் அன்பையும் பாசத்தையுமே மறைமுக நிபந்தனையாகக் கொள்ளலாம் என்றது. நல்ல தீர்ப்புதான். ஆனால் தீயணைப்பு வண்டி இருக்கிறதென்று யாராவது கூரையில் கொள்ளி வைப்பார்களா?

புரோக்கர் கொண்டுவரும் பத்திரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். “உன்மேல் எனக்குள்ள அன்பினாலும் பிரியத்தினாலும்” என்று தொடங்கி, “இன்றுமுதல் நீயே சர்வ சுதந்திரமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது” என்று வந்து, “எக்காலத்திலும் ரத்து செய்ய மாட்டேன்” என்று முடியும். கம்ப்யூட்டரில் கிடக்கும் பழைய பத்திரத்தில் பெயரையும் சர்வே எண்ணையும் மட்டும் மாற்றி எடுப்பது. பராமரிப்பு நிபந்தனை சேர்க்கச் சொன்னால், “அதைப் போட்டால் பேங்கில் சிக்கல் வரும்மா” என்பார்கள். அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.

கோட்டாட்சியரிடம் மனு கொடுக்க வக்கீல் வைக்கத் தேவையில்லை என்பது சட்டத்தின் நல்ல நோக்கம். மாதாந்திரப் பராமரிப்பு மனுவை, எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 90 நாளுக்குள் முடிக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறது. எழுதி என்ன? நிலத் தகராறு, தேர்தல், வெள்ளம், அமைச்சர் வருகை எல்லாம் அதே அதிகாரியின் தலையில். “அய்யா மீட்டிங்கில் இருக்கிறார், அடுத்த வாரம் வாங்க” என்று எழுபது வயதுக்காரரை வராந்தா பெஞ்சில் உட்காரவைக்கும் அமைப்பு இது. வாசலிலேயே மனு எழுதிக் கொடுத்துப் பணம் பிடுங்க இன்னொரு கூட்டம்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். இதைப் பலரும் சொல்வதில்லை. பத்திரம் ரத்தானாலும் வீடு உடனே காலியாகிவிடாது. மகனை வெளியேற்ற உத்தரவு கிடைத்தாலும், மருமகளின் நிலை வேறு. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005, கணவனோடு வாழ்ந்த வீட்டில் குடியிருக்கும் உரிமையை அவருக்குத் தருகிறது; அவர் பெயரில் பங்கு இருக்க வேண்டியதில்லை. மூத்த குடிமக்கள் சட்டத்தைக் காட்டி அந்த உரிமையை ஒரேயடியாகத் தட்டிவிட முடியாது என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனவே வீடு உங்கள் பெயருக்குத் திரும்பிய பிறகும், நீங்களும் மருமகளும் ஒரே சமையலறையில், பேச்சுவார்த்தை இல்லாமல், வழக்கு நம்பரோடு இருக்க நேரலாம். நடுவில் பேரப்பிள்ளைகள். ஒத்துவராவிட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்பவருக்கு இந்த வீட்டுக்குள் ஒருநாள்கூட இருக்கத் தேவையில்லை.

மகனுக்குத்தான் வீடு என்று முடிவு செய்திருந்தால் உயில் எழுதுங்கள். வெள்ளைத்தாள் போதும், முத்திரைத்தாள் வேண்டாம். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும்; சொத்து பெறுபவர் சாட்சியாக வேண்டாம். பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். உயிரோடு இருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் மாற்றலாம். செட்டில்மெண்ட்தான் வேண்டும் என்று குடும்பமே கூடி முடிவெடுத்தால், ஆயுள்வரை அந்த வீட்டில் குடியிருந்து அனுபவிக்கும் உரிமை உங்களுக்கு என்றும், சாப்பாடு, மருத்துவம், பராமரிப்பு மகன் பொறுப்பு, தவறினால் பத்திரம் ரத்துக்கு உரியது என்றும் இரண்டு வரி அதற்குள்ளேயே இருக்க வேண்டும்.

‘பவர்’ மட்டும் யாருக்கும் கொடுக்காதீர்கள். பொது அதிகாரப் பத்திரத்தில் விற்கும் அதிகாரமும் சேர்ந்திருந்தால், மகனுக்கே தெரியாமல் வீடு கைமாறிவிடும். மூட்டுவலிக்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது: நடக்க முடியாதவர் வீட்டுக்குச் சார்பதிவாளரே வந்து பதியலாம். அதற்கென்று கட்டணம் உண்டு. ரசீது கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே புரோக்கரிடம் எதிலாவது கையெழுத்துப் போட்டிருந்தால், வீட்டின் மேல் என்னென்ன பத்திரம் பதிவாகியிருக்கிறது என்று காட்டும் வில்லங்கச் சான்றை இந்த வாரமே எடுத்துப் பாருங்கள். மூலப்பத்திரத்தைக் கொடுத்திருந்தால் அதையும் கையோடு திரும்ப வாங்கிவிடுங்கள்.