யார் கேட்கிறார்கள் என்று பார்த்துப் பேசுங்கள்: கேள்வி பதில்

தங்கச்சிமடம்: மகளிர் குழுக்களில் வங்கிக் கடன் பற்றிப் பேசுகிறேன் அக்கா. 'ஆண்டுக்கு 12 சதவீதம்தான்' என்றதும் முகம் சுருங்கிவிடுகிறது. ஏன்?

பதில்: அவர்கள் புழங்குவது மாதக் கணக்கு. 'ரெண்டு வட்டி' என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் 2 ரூபாய், ஆண்டுக்கு 24. நீங்கள் சொல்லும் 12, அவர்கள் காதில் 'பன்னிரண்டு வட்டி' என்று விழுகிறது. பயப்படாமல் என்ன செய்வார்கள்? 'ஒரு வட்டிதான்' என்று தொடங்குங்கள். 10,000 ரூபாய்க்கு வெளியே மாதம் 200, இங்கே 100 என்று பலகையில் எழுதுங்கள். அசல் அடைய அடைய வட்டி குறைவதை அப்புறம் சொல்லலாம். 'புரிஞ்சுதா?' என்று மட்டும் கேட்காதீர்கள்; மரியாதைக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். '20,000 வாங்குனா முதல் மாச வட்டி எவ்வளவுக்கா?' என்று கேளுங்கள். 200 என்றால் மேலே போங்கள். 400 என்றால் அவர் இன்னும் ரெண்டு வட்டியிலேயே நிற்கிறார், பலகைக்குத் திரும்புங்கள்.

ராமேஸ்வரம், கல்லூரி மாணவர்: விசைப்படகு மீனவர்களுக்கு லைஃப் ஜாக்கெட் பற்றி 20 நிமிடப் பேச்சு. சனிக்கிழமை வைத்தோம், நாலு பேர்தான் வந்தார்கள்.

பதில்: சனி விசைப்படகு கடலுக்குப் போகிற நாளாச்சே தம்பி! திங்கள், புதனும் அப்படித்தான். மறுநாள் காலை கரையேறுகிறவருக்குத் தூக்கம்தான் முக்கியம். வெள்ளி மாலை வையுங்கள். அன்று நாட்டுப்படகுக்காரர்கள் கடலில் இருப்பார்கள், அவர்களுக்கு வேறு நாள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம். படகு மராமத்து நடக்கிற இடத்துக்கே போய்விடலாம். பேச்சு 8 நிமிடம் போதும். கடலின் ஆபத்தைக் கடலுக்குப் போகிறவரிடம் விளக்காதீர்கள், எரிச்சல்தான் வரும். 'ஏன் போடுறதில்லை?' என்று முதலில் கேளுங்கள். வலை இழுக்க இடைஞ்சல், புழுக்கம் என்பார்கள். ஒருவருக்கு மாட்டிவிட்டு, கையை வீசி வலை இழுக்கிற மாதிரி செய்யச் சொல்லுங்கள். எங்கே இடிக்கிறது என்று அவரே காட்டுவார்; உங்கள் பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

கீழக்கரை: முன்வரிசையில் அதிகாரிகள், பின்னால் ஊர்க்காரர்கள். யாருக்காகப் பேசுவது?

பதில்: பின்னால் இருப்பவர்களுக்கு. எளிய பேச்சு அதிகாரிக்கும் புரியும். 'அவர்களே, இவர்களே' பட்டியலை ஒரு நிமிடத்தில் முடியுங்கள். மாலைக் கூட்டமென்றால் மஃரிப் பாங்குக்கு (சூரியன் மறைந்ததும் வரும் தொழுகை அழைப்பு) முன்பே முடிகிற மாதிரி தொடங்குங்கள்.

பாம்பன்: காற்றில் மைக் இரைகிறது.

பதில்: காற்று உங்கள் முதுகில் படும்படி நில்லுங்கள், மைக்குக்கு உடம்பே மறைப்பு, குரலும் கூட்டத்தின் பக்கம் போகும். மைக்குக்குப் பஞ்சு உறை போடுங்கள். ஸ்பீக்கர் மைக்குக்குப் பின்னால் இருந்தால் 'கூ' என்று ஊளையிடும்; முன்னால் தள்ளி வையுங்கள்.