அயர்லாந்து விடுதலைப் போராட்டம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: ஐயா, வணக்கம். அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரில் வந்த ஒரு நோயால் பத்து லட்சம் பேர் எப்படி இறந்தார்கள்? அந்நாட்டில் வேறு விளைச்சலே இல்லையா? (கல்லூரி மாணவி, மதுரை)

பதில்: விளைச்சல் இருந்தது, உழுதவர் வாய்க்குத்தான் அது எட்டவில்லை. பதினேழாம் நூற்றாண்டில் நிலங்கள் பறிமுதல் செய்யப்பட்டு ஆங்கிலேய, ஸ்காட்லாந்துக் குடியேறிகள் கைக்குப் போன பின்பு, ஐரிஷ் உழவர்கள் தங்கள் பாட்டன் பூட்டன் மண்ணிலேயே குத்தகைக்காரர்கள் ஆனார்கள். ஓட்ஸ், வெண்ணெய், பன்றி எல்லாவற்றையும் விற்றுக் குத்தகைப் பணம் கட்டினார்கள். வயிற்றுக்கு மிஞ்சியது துண்டு நிலத்தில் விளைந்த உருளைக்கிழங்கும் கொஞ்சம் மோரும்தான். 1845-இல் நோய் வந்தது. பச்சையாக நின்ற இலைகள் சில நாள்களில் கருகின. நல்லதென்று தோண்டி எடுத்து வைத்த கிழங்கும் அழுகிக் கூழானது. அடுத்த ஆண்டு ஏறக்குறைய முழு விளைச்சலும் போயிற்று.

அப்போதும் தானிய மூட்டைகள் படைவீரர் காவலோடு துறைமுகங்களுக்குச் சென்றன. 1847-இல் இறக்குமதியான தானியம் ஏற்றுமதியை மிஞ்சியது உண்மைதான், ஆனால் அதை வாங்கக் கையில் காசு வேண்டுமே. அவ்வாண்டு கோடையில், அயர்லாந்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசு கஞ்சித்தொட்டி திறந்து நாளொன்றுக்கு முப்பது லட்சம் பேருக்கு உணவிட்டது. ஆக, நேரடியாகச் சோறு போட முடியும் என்பதை அரசே காட்டிவிட்டு, சில மாதங்களில் அதை மூடியும் விட்டது. பிறகு நடைமுறைக்கு வந்த சட்டம், கால் ஏக்கருக்கு மேல், நம் கணக்கில் இருபத்தைந்து சென்ட்டுக்கு மேல், நிலம் வைத்திருப்பவருக்கு நிவாரணம் கிடையாது என்றது. கஞ்சிக்காக நிலத்தைக் கைவிட்டவர் மறுபடி எழுந்திருக்கவே முடியவில்லை. 1841-இல் ஏறத்தாழ 82 லட்சமாக இருந்த மக்கள்தொகை பத்தாண்டில் 65 லட்சமாகச் சுருங்கியது. இறந்தவர்களைவிடக் கப்பலேறிப் போனவர்கள் அதிகம். நிவாரணச் செலவைக் கறாராகக் கட்டுப்படுத்திய கருவூல அதிகாரி சார்லஸ் ட்ரெவெல்யன், பின்னர் 1859-இல் நம் சென்னை மாகாணத்துக்கே ஆளுநராக வந்தார் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: ‘பாய்காட்’ என்ற சொல் அங்கிருந்து வந்தது என்கிறார்களே? (ஈரோடு வாசகர்)

பதில்: ஆம், அது ஒரு மனிதரின் பெயர். மேயோ மாவட்டத்தில் ஒரு பிரபுவின் நிலத்துக்குக் காரியக்காரராக இருந்த கேப்டன் பாய்காட், 1880-இல் குத்தகையைக் குறைக்க மறுத்துக் குடியானவர்களை வெளியேற்ற முனைந்தார். குத்தகை உழவர்களுக்காகப் போராடிய நிலச் சங்கத்தார் அவர்மேல் கை வைக்கவில்லை. வேலையாட்கள் நின்றுவிட்டார்கள், கடைக்காரர் சாமான் தரவில்லை, கடிதம் கொண்டுபோகவும் ஆளில்லை. நம் கிராமங்களில் ஊர் விலக்கம் என்போமே, அதுவேதான். ஆனால் இங்கே அது பெரும்பாலும் எளியவர்மேல் பாய்ந்தது, அங்கே அதிகாரத்தின்மேல் பாய்ந்தது. அறுவடைக்கு வடக்கிலிருந்து ஐம்பது ஆட்களையும், அவர்களைக் காக்க ஆயிரம் பேர் அளவில் படையையும் இறக்கினார்கள். காவலுக்கான செலவு விளைச்சலின் மதிப்பைப்போலப் பல மடங்கு ஆயிற்று.

கேள்வி: அயர்லாந்துப் போராட்டமே கத்தோலிக்கர், புராட்டஸ்டண்ட் சண்டைதானே? (சேலம் வாசகர்)

பதில்: அப்படிச் சுருக்கினால் ஆங்கில ஆட்சியை எதிர்த்த புரட்சியாளர் உல்ஃப் டோனையும், தன்னாட்சி கேட்ட தலைவர் பார்னெலையும் எங்கே வைப்பது? இருவரும் புராட்டஸ்டண்டுகள். மதம் பெரும்பாலும் யாரிடம் நிலமும் பதவியும் இருந்தன என்பதன் அடையாளமாக இருந்தது.

கேள்வி: பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக டப்ளினில் நடந்த 1916 ஈஸ்டர் எழுச்சி ஆறே நாளில் தோற்றது. அதைப்போய் ஏன் கொண்டாடுகிறார்கள்? (ஆசிரியர், திருநெல்வேலி)

பதில்: டப்ளின் தலைமை அஞ்சல் நிலையத்தின் முன் எழுச்சியின் தலைவர்களில் ஒருவரான பேட்ரிக் பியர்ஸ் குடியரசுப் பிரகடனத்தை வாசித்தபோது நின்று கேட்டவர்கள் சொற்பம். நகரம் இடிந்து, பொதுமக்கள் பலர் இறந்ததால், சரணடைந்தவர்களை டப்ளின்வாசிகள் சிலர் ஏசவும் செய்தார்கள். நிலைமையைப் புரட்டியது அரசின் அவசரம். மே 3 முதல் 12 வரை, தவணை தவணையாக, பதினைந்து பேரைச் சுட்டுக் கொன்றார்கள். காயத்தால் நிற்க முடியாத இன்னொரு தலைவர் ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டார்கள். 1918 தேர்தலில் அயர்லாந்தின் 105 இடங்களில் 73-ஐ, தனிக் குடியரசு கேட்ட ஷின் ஃபேன் கட்சி வென்றது.

கேள்வி: வடக்கை விட்டுக்கொடுத்துப் பிரிட்டனோடு ஒப்பந்தம் செய்த விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் துரோகியா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: என் கணிப்பில் இல்லை. 1921 டிசம்பரில் ஒப்பந்தம் கையெழுத்தாவதற்கு முன்பே வடக்கின் ஆறு மாவட்டங்கள் தனி நாடாளுமன்றத்தோடு பிரிக்கப்பட்டுவிட்டன. ஒப்பந்தம் பற்றி டப்ளினில் ஐரிஷ் நாடாளுமன்றம் நடத்திய விவாதங்களைப் படித்தால் வியப்பாக இருக்கும்: பிரிவினையைவிட, மன்னருக்கு விசுவாசம் தெரிவிக்கும் உறுதிமொழியைப் பற்றித்தான் அதிகம் வாதாடியிருக்கிறார்கள். 64-க்கு 57 என்ற வாக்கில் ஒப்பந்தம் நிறைவேறியது. ஒப்பந்தத்தை ஏற்றவர்களுக்கும் எதிர்த்தவர்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டு, காலின்ஸ் 1922 ஆகஸ்ட்டில் சொந்த மாவட்டமான கார்க்கிலேயே பதுங்கித் தாக்கியவர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒப்பந்தத்தை எதிர்த்த அணியின் தலைவர் டி வலேரா, 1927-இல் அதே உறுதிமொழியை வெற்றுச் சடங்கு என்று சொல்லிக் கையெழுத்திட்டு அவைக்குள் நுழைந்தார். ஆட்சிக்கு வந்தபின் 1933-இல் அதை நீக்கினார்.